கம்பெனி போன பின்பு

கம்பெனி என்னும் சொல்லைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கம்பெனி வீட்டில் பிறந்தார்கள். கம்பெனிச் சங்கு ஊதியதும் பெரட்டுக்கு எழுந்தார்கள். கம்பெனி மண்ணிலேயே அடக்கமும் செய்யப்பட்டார்கள். ஆயினும் அந்தக் கம்பெனி எத்தகையது, எங்கே இருக்கிறது என்று கேட்டால் விடை சொல்ல அவர்களால் இயலாது. துரையைத் தெரியும், கிராணியைத் தெரியும், மண்டோரைத் தெரியும். கம்பெனியைக் கண்டவர் ஒருவருமில்லை. கண்ணுக்குப் புலப்படாத ஒன்று கண்முன் நடமாடும் மனிதரின் வாழ்வை எவ்வாறு ஆட்டிவைக்கிறது என்பதைக் கதையாக்குவது எளிதான செயலன்று. அதனைச் செய்து பார்த்த நாவல் ஒன்றை ஈண்டு ஆராய விரும்புகிறேன்.

அது ஜோசப் கான்ராடு எழுதி 1915இல் வெளிவந்த 'விக்டரி' என்பது. கான்ராடு (1857–1924) போலந்து இனத்தவர். ஆங்கிலத்தை வளர்ந்த பிறகே கற்று, அம்மொழியிலேயே பெரும்புகழ் பெற்றவர். எழுத்தாளர் ஆவதற்கு முன்பு அவர் கடலோடி. 1887ஆம் ஆண்டிலும் 1888ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ, செலிபிஸ் கரைகளுக்குச் சென்றுவந்த 'விடார்' என்னும் நீராவிக் கப்பலில், கப்பல் தலைவருக்கு அடுத்த நிலையில் பணிபுரிந்தார். அக்கப்பலின் உரிமையாளர் ஓர் அரபு வணிகர். சில திங்களே நீடித்த அந்தப் பணி, பல நாவல்களுக்கு வேண்டிய செய்திகளை அவருக்கு அளித்தது.

'விக்டரி'யைப் பற்றி எழுதிய ஆங்கிலத் திறனாய்வாளர் பலர், அதனை நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டம் என்று காண்பர். தனித்தீவு ஏதேன் தோட்டமாம். அங்கே வாழும் ஆணும் பெண்ணும் ஆதி மனிதராம். தேடிவரும் கொடியவர் சாத்தானின் கூட்டமாம். எஃப். ஆர். லீவிஸ் 1948இல் வெளியிட்ட நூலில் இதனைக் கான்ராடின் சிறந்த நாவல்களுள் ஒன்றாக வைத்தார். இக்கருத்துகளை நான் மறுக்க வரவில்லை. ஆனால் அந்த ஏதேன் தோட்டத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் இருந்ததே, அதனை நாம் ஏன் விரைந்து கடந்து போகவேண்டும்? அந்தச் சுரங்கத்தின் வழியாகவே நாவலுக்குள் நுழைந்து பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது.

முதலில் கதைச் சுருக்கம். ஹைஸ்ட் என்பவன் சுவீடன் நாட்டவன். உலகத்தோடு எவ்விதத் தொடர்பும் வேண்டாம் என்று கீழைக் கடல்களில் அலைந்து திரிபவன். திமோர்த் தீவில், சுங்க அதிகாரிகளிடம் சிக்கித் தன் கப்பலை இழக்கும் நிலையிலிருந்த மாரிசன் என்னும் வணிகனுக்குப் பணம் கொடுத்து உதவுகிறான். நன்றி மறவாத மாரிசன் தனக்குத் தெரிந்த நிலக்கரிப் படிவங்களைக் கொண்டு ஒரு கம்பெனி தொடங்க முயல்கிறான். அம்முயற்சிக்காக இங்கிலாந்து சென்றவன் அங்கேயே மாண்டுபோகிறான். ஆயினும் வெப்ப மண்டல நிலக்கரிக் கம்பெனி பிறந்துவிடுகிறது. சம்புரான் என்னும் தீவில் ஹைஸ்டு அதற்கு மானேஜராகிறான். சில காலத்தில் கம்பெனி நொடித்துப்போகிறது. எல்லாரும் போன பின்பும் அவன் அங்கேயே தங்கிவிடுகிறான். சுரபாயாவில் இசைக்குழு ஒன்றில் துன்புற்ற லீனா என்னும் பெண்ணை மீட்டுத் தீவுக்கு அழைத்து வருகிறான். அவள்மீது கண்வைத்திருந்த ஓட்டல்காரன் ஷோம்பர்க், ஹைஸ்டிடம் பெரும் புதையல் இருப்பதாகப் பொய் சொல்லி மூன்று கயவர்களை ஏவிவிடுகிறான். லீனா குண்டுபட்டு இறக்கிறாள். ஹைஸ்டு தன் வீட்டோடு எரிந்துபோகிறான்.

இக்கதையை எழுதியவருக்குக் கம்பெனிகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை அறிய, நாம் சற்று வரலாற்றுக்குள் போகவேண்டும்.

நீராவிக் கப்பலுக்குக் காற்றுத் தேவையில்லை, கரி தேவை. 1845இல் பி. அண்டு ஓ. கம்பெனியின் அஞ்சல் கப்பல்கள் சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் வரத் தொடங்கின. அவற்றுக்கான கரியைப் பிரிட்டனிலிருந்து பாய்க்கப்பல்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, சீனத்துக்குப் போகும் கடல்வழியின் ஓரத்தில் நிலக்கரி கிடைக்கிறது என்ற செய்தி, பொன் கிடைக்கிறது என்ற செய்தியைப் போலவே இலண்டனில் வரவேற்கப்பட்டது. போர்னியோக் கரையை அடுத்த லபுவான் தீவின் பெயர் அவ்வாறுதான் அங்கே அடிபடலாயிற்று. 1846 டிசம்பரில் புருணை சுல்தான் அத்தீவைப் பிரிட்டனுக்கு ஒப்படைத்தார். அதன் முதல் கவர்னர், சரவாக்கின் ஜேம்ஸ் புரூக்.

1847இல் கிழக்குத் தீவுக்கூட்டக் கம்பெனி என்பதற்கு அரச சாசனம் கிடைத்தது. லபுவான் கரியை வெட்டும் உரிமை அதன் கையில் இருந்தது. குறித்த அளவு மூலதனம் உண்மையாகவே செலுத்தப்பட்ட பிறகுதான் தொழில் தொடங்கவேண்டும் என்பது சாசனத்தின் நிபந்தனை. செலுத்தியாகிவிட்டது என்று இயக்குநர்கள் சான்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்று பொய் என்று பின்னர்த் தெரியவந்தது. கம்பெனியோடு பகை கொண்டிருந்த புரூக்கின் தூண்டுதலால் வழக்கு நடந்து, 1853இல் சாசனம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மண்ணுக்கு அடியில் கரி இருந்தது மெய். அதை வெட்டி எடுப்பதற்கான பணமோ காகிதத்தில் மட்டுமே இருந்தது.

அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வேறு கம்பெனிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மழைநீர் சுரங்கத்தை நிரப்பியது. காய்ச்சல் ஆட்களைத் தின்றது. வேலைக்கு ஆள் போதவில்லை, முதலும் போதவில்லை. வடமுனையில் தஞ்சோங் குபோங்கில் சுரங்கம், தென்புறத்தில் துறைமுகம். இரண்டையும் இணைக்கப் பின்னாளில் இருப்புப்பாதையும் போட்டார்கள். அப்படியும் இலாபம் நிலைக்கவில்லை. 1911இல் சுரங்க வேலை நின்றுபோயிற்று. இன்று அங்கே 106 அடி உயரமுள்ள ஒரு செங்கல் புகைபோக்கி தனியே நிற்கிறது. அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. எதிர்க்கரையில், புருணையின் மூவாராவில் இருந்த சுரங்கத்தை 1888இல் சரவாக் ராஜா சார்லஸ் புரூக் வாங்கினார். புரூக்டன் என்று பெயரிட்டு, கடற்கரைக்குப் பாதை போட்டு நடத்தினார். அதுவும் 1924இல் மூடப்பட்டது.

சுரங்கம், பாதை, கப்பல் என்னும் இம்மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். நம் தீபகற்பத்தின் இருப்புப்பாதைகளையே பாருங்கள். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு. இவை ஊரையும் ஊரையும் சேர்க்கப் போட்ட பாதைகள் அல்ல. ஈயத்தையும் கடலையும் சேர்க்கப் போட்டவை. கடற்கரையில் காத்திருந்த சரக்கை ஏற்ற 1890இல் சிங்கப்பூரில் ஸ்ட்ரெயிட்ஸ் கப்பற் கம்பெனி தோன்றியது. தைப்பிங் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். பாதையைத் திறந்துவைத்தவரின் பெயர் நூல்களில் உண்டு. மண் சுமந்தவரின் பெயர் இல்லை.

இனி நாவலுக்குத் திரும்புவோம். கான்ராடு லபுவானைப் பார்த்துத்தான் சம்புரானைப் படைத்தார் என்று சொல்ல நான் முற்படவில்லை. சம்புரான் ஜாவாக் கடற்பக்கத்துக் கற்பனைத் தீவு. ஆனால் ஒரு கம்பெனி எவ்வாறு பிறந்து எவ்வாறு சாகிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். பங்கு சேர்ப்பதற்காக அச்சிட்ட அறிக்கையில் ஒரு வரைபடம் வருகிறது. அதிலே சம்புரான் கீழையுலகத்தின் நடுமையமாக, பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து எல்லாத் திசைகளுக்கும் தடித்த கோடுகள் விண்மீனின் கதிர்போல ஓடுகின்றன. அக்கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று எவருக்கும் விளங்கவில்லை. விளங்காத கோட்டை நம்பித்தான் பணம் போட்டார்கள். லபுவான் வழக்கைப் படித்தவர்களுக்கு இந்த வரைபடம் நகைச்சுவையாக மட்டும் தோன்றாது.

அந்த வரைபடத்தைக் கண்டு அஞ்சியவர்களும் நாவலில் இருக்கிறார்கள். சொந்தப் பாய்க்கப்பல் வைத்துத் தீவுதோறும் வாணிகம் செய்த சிறு வணிகர்கள் அவர்கள். கம்பெனி வந்தால் நீராவிக் கப்பல்கள் திரண்டு வரும், நீராவிக் கப்பல் வாங்க நம்மால் ஆகாது, தனிமனிதன் பிழைப்பு ஒழிந்தது என்று அவர்கள் கலங்குகிறார்கள். இந்தக் கலக்கம் வெறும் கற்பனையன்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்த பின்பு கீழைக்கடலில் பாய்க்கப்பல் வணிகர் பலருக்கு உண்மையாகவே நேர்ந்தது அது.

கான்ராடு 1902இல் நூலாக வெளியிட்ட 'தி எண்டு ஆப் தி டெதர்' என்னும் குறுநாவலில் அம்மாற்றத்தின் முழுத் துயரமும் இருக்கிறது. ஒருகாலத்தில் புகழ்பெற்ற கப்பல் தலைவரான வேலி, வங்கி முறிந்து செல்வம் இழந்து, மகளுக்குப் பணம் அனுப்பவேண்டித் தன் பாய்க்கப்பலை விற்று, ஒரு பழைய நீராவிக் கப்பலில் பங்கு சேர்ந்து தலைவராகிறார். அவர் கண்பார்வை மங்கிக்கொண்டே போகிறது. அவர் பக்கத்தில் நிற்கும் மலாய்க்காரச் சாரங்கின் கண்களால்தான் கப்பல் ஓடுகிறது. உரிமையாளனோ கொதிகலனை மாற்றப் பணம் செலவிட மனமில்லாதவன். காப்புறுதிப் பணத்துக்காகத் திசைகாட்டியின் அருகே இரும்பை மறைத்துவைத்துக் கப்பலைப் பாறையில் மோதவிடுகிறான். பார்வையற்ற தலைமை, பணமே குறியான உரிமை, பெயரில்லாத உழைப்பு என்று ஒரு கம்பெனிக் கப்பலின் உள்ளமைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை.

1904இல் வந்த 'நாஸ்ட்ரோமோ' இன்னும் பெரிய படைப்பு. அங்கே தென்னமெரிக்கக் கடற்கரை ஒன்றில் வெள்ளிச் சுரங்கம், இருப்புப்பாதை, கப்பற் கம்பெனி ஆகிய மூன்றும் கூடி ஒரு நாட்டையே உருவாக்கவும் உடைக்கவும் செய்கின்றன. கப்பல்களுக்குக் கிரேக்க, ரோமானியத் தெய்வங்களின் பெயர்கள். சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊர்களுக்கோ பெயரே கிடையாது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற எண்கள்தாம். முதல் டிவிசன், இரண்டாம் டிவிசன் என்று எண்ணிட்ட லயங்களில் வளர்ந்தவர்கள் இவ்விடத்தைப் படிக்கும்போது சற்று நிற்காமல் இருக்கமுடியாது. அந்நாவலின் தலைவனே துறைமுகத் தொழிலாளர்களை மேய்க்கும் ஒருவன். நம் வழக்கில் சொன்னால் கங்காணி. பெரிய மனிதர்கள் தன் திறமையை எல்லாம் பயன்படுத்திக்கொண்டு தன்னை மறந்துவிட்டார்கள் என்று அவன் உணரும் இடம் நாவலின் உயிர்நிலை.

ஆகவே, தொழிலாளியின் பக்கத்திலிருந்து பார்க்கக் கான்ராடுக்குத் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர் 'விக்டரி'யில் என்ன செய்தார்? இதுதான் என் கேள்வி.

சம்புரானில் கரி வெட்டியவர்கள் சீனக் கூலிகள். கம்பெனி அவர்களைக் கொண்டுவந்தது. கம்பெனி முடிந்ததும் அவர்கள் போய்விட்டார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட நாவலில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள், கூலி பாக்கி கிடைத்ததா என்பன பற்றி ஆசிரியர் வாய்திறக்கவில்லை. கைவிடப்பட்ட கறுத்த ஜெட்டியை விவரிக்கிறார். கம்பெனியின் எழுத்துகளைத் தாங்கி நிற்கும் பலகையை விவரிக்கிறார். பலகைக்குக் கிடைத்த இரக்கம் ஆட்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒருவன் மட்டும் தங்குகிறான். அவன் பெயர் வாங். ஹைஸ்டுக்குச் சமையற்காரனாகிறான், மலையின் அப்புறத்து ஊரில் ஒரு பெண்ணை மணந்து குடிசை போடுகிறான், காய்கறித் தோட்டம் வைக்கிறான். ஆசிரியர் அவனை மனிதனாகக் காட்டுவதைவிட மாயமாகத் தோன்றி மாயமாக மறையும் நிழலாகவே காட்டுகிறார். அவன் என்ன நினைக்கிறான் என்பதற்குள் பெரும்பாலும் நுழைய மறுக்கிறார். கயவர்கள் வந்ததும் வாங் ஹைஸ்டின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மனைவியின் ஊருக்குப் போய்விடுகிறான். லீனாவுக்கு அங்கே அடைக்கலம் கேட்டு ஹைஸ்டு வரும்போது மறுத்தும் விடுகிறான். இதைப் படிப்பவர்கள் அவனை நன்றியற்றவன் என்று எளிதில் முடிவுகட்டிவிடலாம்.

நான் அவ்வாறு எண்ணவில்லை. வாங் நிற்கும் இடம் ஒரு தடுப்பு வேலி. சுரங்க வேலை தொடங்கி வெளியாட்கள் வந்து இறங்கியபோது, தீவின் குடிகள் அஞ்சி மரங்களை வெட்டிச் சாய்த்து மலைப்பாதையை அடைத்துக்கொண்டார்கள். அவர்கள் பங்கு அறிக்கையையும் படித்தவர்களல்லர், வரைபடத்தையும் கண்டவர்களல்லர். ஆயினும் கம்பெனி இன்னதென்று அறிந்து தக்கது செய்தவர்கள் இந்நாவலில் அவர்கள் மட்டுமே. கம்பெனியோடு வந்த வாங், கம்பெனி போன பின்பு வேலியின் அப்புறம் சேர்ந்துகொள்கிறான். அவனுக்குக் காக்கவேண்டிய மனைவி இருக்கிறாள். கைவிட்டுப் போன கம்பெனியின் மானேஜருக்காக அவளைப் பலிகொடுக்க அவன் கடமைப்பட்டவனா? இறுதியில் கயவர்களுள் ஒருவனான பெட்ரோவைச் சுட்டு வீழ்த்துபவனும் அவனே. தீவில் எஞ்சுபவனும் அவனே. நாவலின் பெயர் 'வெற்றி'. யாருடைய வெற்றி என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். ஹைஸ்டைக் காத்தோம் என்ற நிறைவோடு உயிர்விட்ட லீனாவின் வெற்றி என்பர். உயிரோடு இருந்து தன் மண்ணில் பயிர்செய்ய எஞ்சியவனையும் அக்கணக்கில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தீவுக்கு வந்த கூட்டம் இரண்டு. முதற்கூட்டம் மண்ணுக்கு அடியில் செல்வம் இருப்பதாக அச்சிட்ட அறிக்கையை நம்பி வந்தது. இரண்டாம் கூட்டம் வீட்டுக்குள் புதையல் இருப்பதாக ஓட்டல்காரன் சொன்னதை நம்பி வந்தது. முதலாவதற்கு வரைபடம் வழிகாட்டியது. இரண்டாவதற்கு எரிமலையின் புகை வழிகாட்டியது. இரண்டும் வெறுங்கையோடு முடிந்தன. பங்குதாரரும் கொள்ளைக்காரரும் ஒரே வகையான பொய்யால் இழுக்கப்பட்டார்கள் என்பதைக் கான்ராடு வாய்விட்டுச் சொல்லவில்லை. கதையின் அமைப்பில் வைத்துவிட்டார். நாவலின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

இந்நூலை நான் முதன்முதலில் படித்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில். அங்கே ஒரு விரிவுரையாளர் தம் சொந்தப் படியைக் கொடுத்தார். அப்போது லீனாவுக்காக வருந்தினேன்; வாங்கைக் கவனிக்கவே இல்லை. பின்னர்த் தோட்டப் பள்ளியில் பணியேற்றேன். 1990களின் இறுதியில் அத்தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. ஒருநாள் காலை நுழைவாயிலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றி லாரியில் போட்டுக்கொண்டு போனார்கள். குடும்பங்களும் லாரிகளில் போயின. வகுப்பில் இருபத்தாறு பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் எஞ்சினர். கடைசி லயத்தில் ஒரு பெரியவர் மட்டும் நகரவில்லை. ஏன் தாத்தா போகவில்லை என்று கேட்டேன். "கம்பெனிதான் போயிருச்சு சார். நான் நட்ட மொளகா காய்க்குது. அதைப் பறிக்காம எங்க போறது?" என்றார். அன்றிரவு மீண்டும் 'விக்டரி'யை எடுத்துப் படித்தேன். இம்முறை வாங் என் கண்ணுக்குத் தெரிந்தான்.

அந்தப் பெரியவர் கம்பெனிப் பேரேட்டில் ஒரு செக்ரோல் எண். அவர் பேரனின் பெயரோ என் வருகைப் பதிவேட்டில் தந்தை பெயரோடு எழுதப்பட்டிருந்தது. கம்பெனி தன் ஏடுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பள்ளி ஏடு இன்றும் இருக்கிறது.

ஒரு நாவல் எல்லாவற்றையும் சொல்லவேண்டும் என்று கேட்பது முறையன்று. ஹைஸ்டின் கதையை எழுத உட்கார்ந்தவரிடம் வாங்கின் கதையை ஏன் எழுதவில்லை என்று வழக்காட முடியாது. ஆயினும் குறையைக் குறையென்று சொல்லுவது திறனாய்வாளன் கடமை. கம்பெனியின் மாயத்தைக் கான்ராடு அளவுக்கு உணர்ந்தவர் சிலரே; அந்த மாயம் கலைந்தபோது யார் யார் எங்கே போனார்கள் என்று எண்ணிப்பார்க்க மட்டும் அவர் தவறிவிட்டார். லபுவான் வரலாற்றை எழுதியவர்களும் கம்பெனிகளின் பெயர்களை ஆண்டுவாரியாகக் குறித்துவைத்தார்கள். சுரங்கத்து நீரில் நின்றவர்களின் பெயர்களைக் குறிக்கவில்லை.

ஆங்கிலம் பயின்ற நம் இளைஞர்கள் 'விக்டரி'யைப் படிக்கவேண்டும். நல்ல நாவல் என்பதற்காகவும், அதில் விடுபட்டதைக் காண்பதற்காகவும் படிக்கவேண்டும். விடுபட்டதை எழுதவேண்டியவர்கள் வேறெங்கோ இல்லை. தோட்டத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, பெயரையும் ஊரையும் வந்த கப்பலையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஏடு போதும், எழுதத் தொடங்கலாம்.